மேசைமேல் வைத்துவிட்டுப் போ

மவுண்ட் ஹோப், ஓஹையோ
பிப்ரவரி 8, 2022

வெர்னா,

இங்கே வாசல் வரைக்கும் பனி. குதிரைக்கு லாடம் மாற்றியாயிற்று. மருமகள் எட்னா நூடுல்ஸ் வெட்டிக் காயப்போட்டிருக்கிறாள். கயிறு மாதிரி தடிமன், சொன்னால் காதில் ஏறாது. மகன் ஏடனும் பிள்ளைகளும் சுகம். நான் சுகமில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சாவு விழுந்தால் மட்டும் எழுதுவேன் என்று உன்னிடம் சொன்னவள் நான்தான். மறக்கவில்லை. யாரும் சாகவில்லை, பதறாதே.

போன கோடையில் எனக்கு அக்கி வந்தது. கொப்புளமெல்லாம் உதிர்ந்துவிட்டது, வலி மட்டும் வாடகை கொடுக்காமல் தங்கிவிட்டது. இடது விலாவைச் சுற்றிப் பழுக்கக் காய்ச்சிய கம்பியைக் கட்டி இழுப்பது போல இருக்கிறது. துணி உரசினால் உயிர் போகிறது. அப்படியும் அக்டோபர் திருவிருந்துக்குப் போனேன். முதுகு சாய இடமில்லாத பெஞ்சில் மதியம் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் முடியாமல் ஆராதனை நடந்த வீட்டின் மாடியில் போய்ப் படுத்துவிட்டேன். கீழே ஜோடி ஜோடியாக ஒருவர் காலை ஒருவர் கழுவும்போது பாடுகிற பாட்டு கேட்டது. எனக்கு ஜோடி டீக்கன் மனைவி பார்பரா. காத்திருந்துவிட்டு வேறு இருவரோடு சேர்ந்துகொண்டாளாம். மறுநாள் எட்னாவிடம் கேட்டிருக்கிறாள்: "உன் மாமியாருக்கு உடம்பு சரியில்லையா, இல்ல யார்மேலயாவது மனசு சரியில்லையா?"

பார்த்தாயா. மனத்தில் பகை வைத்திருப்பவள் திருவிருந்தில் உட்காரக் கூடாது என்று எனக்கு இவள் பாடம் எடுக்கிறாள். என் வீட்டுக்காரரை அடக்கம் செய்த அன்று, என் ரொட்டி உள்ளே வேகவில்லை என்று சொன்னவள் இவள்.

அடுத்த திருவிருந்து ஏப்ரல் 24. அன்று நாள் முழுக்க நான் உட்கார்ந்தாக வேண்டும். கடைசியில் குனிந்து அவள் காலைக் கழுவிவிட்டு எழ வேண்டும். இன்னொரு தடவை மாடிக்குப் போனால் ஊர் வாய் என்னை அங்கேயே வைத்துப் பூட்டிவிடும்.

டாக்டர் கொடுத்த மாத்திரையில் சுவர் நகர்ந்தது, வலி நகரவில்லை. கார் வைத்துக்கொள்ளக் கூடாத எங்களைத் தன் காரில் ஏற்றிப் போகும் ஷெர்லி, நம் சபையில் இல்லாத இங்கிலீஷ்காரி, வாய் ஓயாது, நல்லவள், அவள் சொல்கிறாள்: அவள் மைத்துனனுக்குக் கஞ்சா மருந்துக்கு ஒரு கார்டு கிடைத்ததாம், இப்போது அவன் எழுந்து விறகு வெட்டுகிறானாம். நீ முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள், உனக்குத் தெரிந்திருக்கும். அதைப் புகைக்க வேண்டுமா? புகைத்தால் நான் தொலைந்தேன், எட்னாவுக்கு நாய் மூக்கு. கார்டுக்கு என்னைப் படம் எடுப்பார்களா, அது நமக்கு ஆகாதே? போலீஸில் பெயர் எழுதுவார்களா? காரணமில்லாமல் சிரிப்பேனா?

இதற்கெல்லாம் பதில் எழுதுவதைவிட நீயே கொஞ்சம் வாங்கி, சாக்ஸுக்குள் சுருட்டித் தபாலில் போட்டுவிடு. ஞானஸ்நானம் வாங்கிய பிறகு சபையை விட்டுப் போனவள் நீ. உன் கையிலிருந்து நான் எதையும் வாங்கக் கூடாது. தபால்காரர் கையிலிருந்து வாங்கலாம்.

நீ போனது ஆப்பிள் கூழ் காய்ச்சும் வாரம். கொப்பரை முழுவதையும் நான் ஒருத்தி கிண்டினேன். என் வலது தோளைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லும்.

சலோமா


வூஸ்டர்
பிப்ரவரி 14, 2022

சலோமா அக்கா,

உறைமேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டுதான் பிரித்தேன். வாழ்நாளில் எனக்கு வந்த முதல் உயிருள்ள கடிதம் இதுதான், உன்னிடமிருந்து.

அக்கி வலி எனக்குத் தெரியும். இல்லத்தில் அந்த வலியோடு கிடந்தவர்களுக்குப் போர்வையைக் கூட மேலே படாமல் கூடாரம் போலக் கட்டிவிட்டிருக்கிறேன்.

முதலில் சாக்ஸ் விஷயம். ஓஹையோ கார்டு கொடுக்கிறது, ஆனால் தபால் ஓஹையோவுடையது இல்லை, நாட்டினுடையது. நாட்டின் சட்டத்தில் அதை அனுப்புவது குற்றம். மாநில எல்லையைத் தாண்டிக் கொண்டுபோவதும் அப்படித்தான். தவிர, ஒருவர் பெயரில் வாங்கியதை இன்னொருவர் சாப்பிடக் கூடாது. ஷெர்லியின் மைத்துனன் பாசத்தோடு நீட்டினாலும் கையை மடக்கிக்கொள்.

புகைக்க வேண்டாம். இங்கே கார்டுக்காரர்கள் அதைக் கொளுத்தவே கூடாது. எண்ணெயாக, மாத்திரையாக, மெல்லும் மிட்டாயாகக் கிடைக்கிறது. போலீஸ் கேட்டாய். பெயர் மாநிலத்தின் பதிவில் இருக்கும், மருத்துவரும் கடைக்காரரும் பார்ப்பார்கள். உங்கள் பிஷப்பால் பார்க்க முடியாது, கவலைப்படாதே. சிரிப்பாயா என்றால், அளவு மீறினால் சிரிப்பாய். நீ சிரித்து நான் பார்த்ததில்லை, எப்படி இருக்கும் என்று தெரியவில்லை.

கார்டு எல்லா மருத்துவரும் எழுதித் தருவதில்லை. அதற்கென்று அனுமதி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். வூஸ்டரில் ஒருவர் இருக்கிறார், முகவரி கீழே எழுதியிருக்கிறேன், ஈமெயில் கேட்டால் சொல்ல என்னுடையதும். தீராத வலி அவர்கள் பட்டியலில் உண்டு. பழைய டாக்டரின் காகிதங்களையும், பாங்கில் காட்டுவாயே, படம் இல்லாத அடையாள அட்டை, அதையும் எடுத்துப் போ. நீ சாப்பிடும் எல்லா மாத்திரையையும் சொல். பிஸ்கட் டப்பாவில் ஒளித்து வைத்திருப்பதையும் சேர்த்து. கஷாயங்களையும் சேர்த்து.

ஒரு வழி இருக்கிறது. 'பராமரிப்பவர்' என்று ஒருவர் பெயரையும் சேர்த்துப் பதியலாம். அவர் உனக்காகக் கடையில் வாங்கலாம். நீ காரில் குலுங்கி அவ்வளவு தூரம் வர வேண்டாம். என் பெயரைப் போட்டுக்கொள்கிறாயா? உன் கையில் தர மாட்டேன். மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். மேசைக்கு ஞானஸ்நானம் இல்லையே.

மேசை என்றதும் ஞாபகம் வருகிறது. அம்மாவை அடக்கம் செய்த அன்று எல்லோரும் கூடத்தில் சாப்பிட்டீர்கள். எனக்குத் துவைக்கும் அறையில் தனி மேசை போட்டாய். சலவைப் பொடி வாசனையோடு இறைச்சிக் குழம்பு. கூழைப் பற்றி நீ சொல்லிவிட்டாய், நானும் சொல்லிவிட்டேன்.

வெர்னா


மவுண்ட் ஹோப்
மார்ச் 3, 2022

வெர்னா,

சேறு. வண்டிச் சக்கரம் பாதிவரை இறங்குகிறது. பசு ஒன்று கன்று போட்டது.

தனி மேசை போடச் சொன்னது சபை. அதன்மேல் நல்ல விரிப்பு போட்டது நான். அதை நீ எழுதவில்லை.

ஷெர்லியோடு போய் வந்தேன். அந்த வைத்தியர் சின்னப் பையன் போல இருக்கிறார், மீசைகூட சரியாக முளைக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்தவர். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்றார். இல்லை என்றேன். ஷெர்லிக்குப் பொறுக்கவில்லை. "பர்ஸுக்குள்ள ஒரு டப்பா கிலுகிலுன்னு ஆடுதே, அது என்ன?" என்றாள். "அது மாத்திரையில்ல, அது எப்பவும் சாப்பிடுறது" என்றேன். வைத்தியர் கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்தது. அவர் முகம் மாறிவிட்டது. "இத நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தூக்கம் போயிருக்கும். ரெண்டும் சேர்ந்தா ரத்தம் ரொம்ப இளகிடலாம். ஆரம்பிச்சதும் ரத்தம் சோதிக்கணும், உங்க பழைய டாக்டர்கிட்டயும் நான் பேசுறேன்" என்றார். நீ எழுதியது சரிதான். அதற்காக உச்சியில் ஏறி உட்கார்ந்துகொள்ளாதே.

படமில்லாத அட்டையை அங்கிருந்த பெண் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாருக்கோ போன் போட்டாள். சரி என்றாள். பிறகு "ஈமெயில் சொல்லுங்க" என்றாள். "எங்க வீட்டு வாசல்ல பச்சைத் தபால் பெட்டி இருக்கு, அதுல போடு" என்றேன். அவளுக்கு அழுகையா சிரிப்பா தெரியவில்லை. கடைசியில் உன்னுடையதைக் கொடுத்தேன். பராமரிப்பவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். 'உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதையும் நிரப்பினேன்.

ஏடன் பிஷப்பிடம் கேட்டு வந்துவிட்டான். அவர் சொன்னாராம்: "வைத்தியர் சொல்லி வலிக்குச் சாப்பிட்டா மருந்து. சந்தோஷத்துக்குச் சாப்பிட்டா அது வேற." எனக்கு எப்போது சந்தோஷத்துக்கு நேரம் இருந்தது.

திருவிருந்துக்கு இன்னும் ஏழு வாரம்.

சலோமா


வூஸ்டர்
மார்ச் 14, 2022

சலோமா அக்கா,

கார்டு வந்துவிட்டது. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒரு வருஷத்துக்குச் செல்லும். முடிவதற்கு முன்பே மறுபடி அந்த மீசையில்லாதவரைப் பார்க்க வேண்டும்.

கடைக்குப் போனேன். நான் ஏதோ இருட்டு அறை, புகை என்று நினைத்துக்கொண்டு போனால், பல் வைத்தியர் வீட்டு முன்னறை மாதிரி இருக்கிறது. தொட்டியில் செடி, அதுவும் பிளாஸ்டிக். அங்கிருந்த பெண் என் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்காவுக்கா? வயசு என்ன? தனியா இருப்பாங்களா? மாடிப்படி உண்டா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். கடைசியில், "குறைவா ஆரம்பிங்க, மெதுவா ஏத்துங்க. வயசானவங்க விழுந்துட்டா மருந்தைத்தான் திட்டுவாங்க" என்றாள்.

சனிக்கிழமை 19ஆம் தேதி காலை எட்டு மணிக்கு வருகிறேன். முதல் தடவை ஒருவர் கூட இருக்க வேண்டும், நான் இருப்பேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், கடிதத்தை எறியாதே. மிட்டாயை நாலாக வெட்டி ஒரே ஒரு துண்டு. விழுங்கியதும் வேலை செய்யாது. வயிற்றுக்குள் போய், யோசித்து, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எழுந்திருக்கும். அதற்குள் ஒன்றுமில்லை என்று இன்னொன்றைப் போடாதே. எல்லோரும் விழும் குழி அதுதான். அன்று அடுப்பைத் தொடாதே, மாடி ஏறாதே. வண்டி ஓட்டாதே, குதிரை வண்டியும் வண்டிதான், இழுப்பது குதிரையா எஞ்சினா என்று சட்டத்துக்குக் கவலையில்லை. பூட்டுள்ள தகரப்பெட்டி ஒன்று கொண்டு வருகிறேன். பார்க்க மிட்டாய்தான், பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. சாவி உன் இடுப்பில் இருக்கட்டும்.

வெர்னா


மவுண்ட் ஹோப்
மார்ச் 21, 2022

வெர்னா,

வெயில் அடிக்கிறது. அதைப் பற்றிப் பேச எனக்கு இப்போது மனமில்லை.

எட்டு என்று எழுதிவிட்டு ஏழுக்கு வந்து நின்றாய். போன வாரம் வெளி உலகம் கோடை நேரம் என்று கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவிட்டது. நாம் தள்ளுவதில்லை, சூரியன் தள்ளவில்லையே. இந்த வீட்டில் பிறந்தவளுக்கு அது தெரிய வேண்டாமா? நாங்கள் எல்லோரும் தலைகுனிந்து காலைச் சாப்பாட்டு ஜெபத்தில் இருந்தோம். தலை நிமிர்ந்தால் துவைக்கும் அறை மேசைமேல் பை, பூட்டுப்பெட்டி, உன் குட்டிக் கடிகாரம், ஒரு சீட்டு. நீ இல்லை. சீட்டில் என்ன எழுதியிருந்தாய் என்று அப்படியே சொல்கிறேன்: "எட்டுக்குக் கால் துண்டு. பத்துக்கு வந்துவிடுவேன். அதுவரை இன்னொன்று தொடாதே. பத்தாகியும் ஒன்றும் தெரியவில்லை என்றால் பார்க்கலாம்."

நான் சொன்னபடி நடப்பவள். எங்கள் சமையலறைக் கடிகாரம் எட்டு அடித்தது, கால் துண்டை விழுங்கினேன். பிறகு துவைக்கும் அறையில் கட்டிலைப் போட்டுப் படுத்தேன். வலி வலியாகவே இருந்தது. கண் விழித்துப் பார்த்தால் தலைமாட்டில் உன் கடிகாரம் பத்து காட்டுகிறது. ஒன்றும் தெரியவில்லை. பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறாய். பார்த்தேன். இன்னும் இரண்டு துண்டு சேர்த்து விழுங்கினேன். கால் துண்டு மருந்தெல்லாம் பொம்மைக்குத்தான் கொடுப்பார்கள். அப்போதுதான் நீ உள்ளே வந்தாய். உன் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது, உன் பத்து என் ஒன்பது என்று.

அதுவரை எல்லாம் நினைவிருக்கிறது. அதன் பிறகு ஒரு கோழி நடந்து போனது நினைவிருக்கிறது. அது மிகவும் வேடிக்கையாக நடந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை, சாயங்காலம் உப்பில்லாத ரொட்டியும் தண்ணீரும் வரை.

வெர்னா, எனக்கு நினைவில்லாத மதியம் என்று ஒன்று இதுவரை கிடையாது. 1961இல் யார் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்று சொல்வேன். அந்த மதியம் நான் என்ன பேசினேன்? எட்னா என்னைப் பார்த்தாலே வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். பார்பரா இன்று வழியில் கையை ஆட்டினாள். அவள் எனக்குக் கை ஆட்டுபவள் இல்லை. உடனே எழுது.

சலோமா


வூஸ்டர்
மார்ச் 26, 2022

சலோமா அக்கா,

கடிகாரத் தப்பு என்னுடையது. குளிர்காலத்தில் இரண்டு நேரமும் ஒன்றாக இருந்து பழகிவிட்டது, எனக்கு உறைக்கவில்லை. உன்னைத் தனியாக விட்டுப் போனதும் தப்பு. உள்ளே எல்லோரும் சாப்பிட, நான் அந்த அறையில் மறுபடி நிற்க வேண்டுமா என்று இருந்தது, ஊருக்குள் போய்க் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் 'பார்க்கலாம்' என்றால் சேர்ந்து பார்க்கலாம் என்று அர்த்தம்.

பயப்பட ஒன்றும் இல்லை. உன்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், தண்ணீர் கொடுத்தேன், நெஞ்சு படபடக்கிறது என்றாய், கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆம், கையை. நீயாகத்தான் நீட்டினாய். நெஞ்சில் வலி, மூச்சுத் திணறல் என்று ஏதாவது வந்திருந்தால் விதியாவது ஒன்றாவது, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன். வைத்தியருக்கும் போன் செய்துவிட்டேன். மறுபடி கால் துண்டுதான், ஒரு வாரம் கழித்து, உன் கடிகாரத்தை மட்டும் பார்த்து.

கோழியைப் பார்த்து முக்கால் மணி சிரித்தாய். "அது பிஷப் மாதிரி நடக்குதுடி" என்றாய். எட்னா அடுக்களையில் உட்கார்ந்து ஏப்ரன் துணியை வாயில் அடைத்துக்கொண்டாள். பார்பரா கேக் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். "உன் பாதம் சின்னதா பெருசா? ஏப்ரல்ல கழுவணும்ல, பாத்திரம் பார்க்கணும்" என்று அவளைக் கேட்டாய். அவள் என்னோடு பேச மாட்டாளே, சுவரைப் பார்த்துக் கேட்டாள்: "என்ன ஆச்சு இவளுக்கு?" நானும் சுவரிடம், "மருந்து கொஞ்சம் கூடிடுச்சு" என்றேன். அவள் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "கூடினா இப்படித்தான் இருப்பான்னா, கூடட்டுமே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்னொன்றும் சொன்னாய். எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தூங்குவதற்கு முன், "கூழைக் கிண்டினது, நீ போனது, எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன் வெர்னா, போ" என்றாய். தெளிவாகத்தான் சொன்னாய். திருவிருந்துக்கு முன் எல்லோரோடும் சமாதானம் என்று சொல்ல வேண்டுமே, உனக்கு அதில் பாதி வேலை முடிந்தது.

வெர்னா


மவுண்ட் ஹோப்
ஏப்ரல் 11, 2022

வெர்னா,

உருளைக்கிழங்கு நட்டாயிற்று. மழை வரும் போலிருக்கிறது.

அது செல்லாது. அந்த மன்னிப்பைச் சொன்னது மிட்டாய், நானில்லை. கோழியை பிஷப் என்று சொன்ன வாய் அது. அதையும் இதையும் ஒன்றாக எடுத்துக்கொள்வாயா? இவ்வளவு வருஷம் பத்திரமாக வைத்திருந்ததை ஒரு தூக்க மயக்கத்தில் கொடுத்துவிட நான் பைத்தியம் இல்லை.

மருந்து பரவாயில்லை. கால் துண்டு, எங்கள் கடிகாரம். கம்பி இருக்கிறது, ஆனால் அதைப் பிடித்து இழுப்பவன் எங்கோ போய்விடுகிறான். ரத்தமும் இரண்டு முறை எடுத்துப் பார்த்தார்கள். பழைய மாத்திரையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள்.

நேற்று ஆயத்த நாள் ஆராதனை. சபைப் பெரியவர் பெஞ்சு பெஞ்சாக வந்து ஒவ்வொருவரிடமும் குனிந்து, சமாதானமா, திருவிருந்துக்கு விருப்பமா என்று கேட்டார். எல்லோரும் ஆம் என்றார்கள். என்னிடம் வந்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "சபையோட சமாதானம். வெளியில ஒருத்தி பாக்கி இருக்கா. பதினஞ்சு நாள் இருக்குல்ல, முடிச்சுடுறேன்" என்றேன். அப்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை போல. "சரி சலோமா, முடிச்சுடு" என்று அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். பார்பராவின் காது இரண்டு பெஞ்சு நீளத்துக்கு நீண்டிருக்கும்.

உட்கார இப்போது முடிகிறது. குனிவதுதான் தெரியவில்லை. தொட்டிக்கு முன் மண்டியிட்டு, குனிந்து, கழுவி, துடைத்து, எழ வேண்டும். நேரே சபை நடுவில் செய்துபார்க்க நான் தயாரில்லை. எட்னாவின் காலில் ஒத்திகை பார்த்தால் சாயங்காலத்துக்குள் பார்பரா வீட்டில் இருக்கும். ஆகவே சனிக்கிழமை நீ வா. சாக்ஸ் சுலபமாகக் கழற்றுகிற மாதிரி போட்டுக்கொண்டு வா. மருந்தை வழக்கம்போல மேசைமேல் வை. தண்ணீர், துண்டு எல்லாம் நானே எடுத்துக்கொள்வேன், நீ எதையும் எடுத்துக் கொடுக்காதே.

உன் கையிலிருந்து வாங்கக் கூடாது என்பதுதான் விதி. உன் காலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் விசாரிக்கவும் போவதில்லை.

சலோமா


வூஸ்டர்
ஏப்ரல் 17, 2022

அக்கா,

தண்ணீர் சூடு அதிகம். நீ காலைக் கழுவவில்லை, உருளைக்கிழங்கு தேய்த்தாய். இதை டீக்கன் மனைவியிடம் செய்தால் அவள் அலறுவாள்.

மற்றபடி குனிந்தாய், எழுந்தாய். எழும்போது கொஞ்சம் நேரமாயிற்று.

என் இரண்டாவது விரலைப் பிடித்துக்கொண்டு "அம்மா காலு" என்றாய். வீட்டுக்கு வந்து என் காலை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷமாகச் செருப்புக்குள் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன், தெரியவில்லை எனக்கு.

நேற்று நீ கால் துண்டுதான் விழுங்கினாய், நான் எதிரில் இருந்தேன், கடிகாரமும் ஒன்றுதான். துடைத்து முடித்த பிறகும் துண்டை என் காலிலிருந்து எடுக்காமல் இருந்தாய். "போகட்டும்டி" என்றாய். ஒரே ஒரு வார்த்தை. இதையும் மிட்டாய் சொன்னது என்பாயா? அப்படிச் சொல்வதென்றால் இப்போதே சொல்லிவிடு. நம்பிவிட்டுப் பிறகு திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது.

வெர்னா


மவுண்ட் ஹோப்
ஏப்ரல் 25, 2022

வெர்னா,

நேற்று நல்ல வெயில். பெஞ்சுகள் களஞ்சியத்தில் போட்டிருந்தார்கள், கதவைத் திறந்துவிட்டதால் காற்று வந்தது.

காலை கால் துண்டு, மதியம் வைத்தியர் சொன்னபடி இன்னொரு கால் துண்டு. முழுநாளும் உட்கார்ந்தேன். ஆபிரகாம், மோசே என்று பிரசங்கம் போய்க்கொண்டே இருந்தது, ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. பாட்டு ஆரம்பித்தது. பார்பராவும் நானும் எழுந்து போனோம். குனிந்தேன், தண்ணீர் இதமாக இருந்தது, நீ சொன்னதால் மெதுவாகவே தேய்த்தேன். எழும்போது யாரையும் பிடிக்கவில்லை. முறைப்படி கை குலுக்கி, முத்தமிட்டு, சமாதானம் சொன்னோம். அவள் காதோடு கேட்டாள்: "முட்டி இவ்வளவு நல்லா மடங்குதே, எங்க பழகின?" நான் சொன்னேன்: "என் தங்கச்சிகிட்ட." அவள் என் கையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தாள். என் ரொட்டியைப் பற்றி அவள் சொன்னதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றுதான் முடியும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அன்று சனிக்கிழமை நான் கால் துண்டை விழுங்கவில்லை. வாயில் போடுவதுபோல் போட்டு, நீ தொட்டியைப் பார்த்துத் திரும்பியபோது எடுத்துவிட்டேன். பெட்டிக்குள் திருப்பி வைத்துப் பூட்டியிருக்கிறேன், எண்ணிப் பார்த்துக்கொள். மருந்தோடு விளையாடக் கூடாது என்று நீ எழுதப்போகிறாய், எழுது. மருந்து சொல்கிறதா நான் சொல்கிறேனா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது. வலித்தது. குனியும்போது கம்பி முழு பலத்தோடு இழுத்தது. எழ நேரமானதற்கு அதுதான் காரணம், துடைத்த துண்டை உன் காலிலிருந்து எடுக்காமல் இருந்ததற்கு அது காரணமில்லை.

நான்தான் சொன்னேன்.

மருந்து மே மாதக் கடைசி வரைக்கும் வரும். தீர்ந்ததும் எழுதுகிறேன், வாங்கிக்கொண்டு வா. தீராவிட்டாலும் வா.

சலோமா